மூன்று தட்டு, மூன்று லேபிள்

சம்பந்தி மரியாதைக்கு அன்றைய சிவகாசி நிலவரம், கால் கிலோ குட்டித் தக்காளி. அந்தக் கால் கிலோவைத்தான் காசிராஜன் மனைவி சுப்புலட்சுமி காலையில் ரசத்தில் போட்டிருந்தாள்.

"மூணு செடியில இருந்ததையுமா?" காசிராஜன் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பின்ன? கோலிக்குண்டு கணக்கா இருந்துச்சு. நாலஞ்சு போட்டா நிறமே வரல. மொத்தத்தையும் பறிச்சுட்டேன்."

காலண்டர் பிரஸ் நடத்தும் காசிராஜனுக்கு வேர்த்துக் கொட்டியது. மகள் பிரீத்திகாவை விருதுநகர்ப் பருப்பு வியாபாரி தங்கப்பாண்டியன் வீட்டில் பேசியிருந்தார்கள். அந்த மனிதருக்கு மொட்டைமாடித் தோட்டப் பைத்தியம். மூன்று ரக நாற்றைக் கையில் கொடுத்து, "எது ருசி, எது நம்ம வெயிலுக்குத் தாங்குதுன்னு வளத்து வைங்க அண்ணாச்சி. ஒருநா வந்து தின்னு பாத்துட்டு, அன்னைக்கே கல்யாணத் தேதியும் குறிச்சிருவோம்" என்று சொல்லிப் போயிருந்தார். அந்த ஒருநாள், இன்று மாலை.

"அப்பா, மூணு செடியக் காப்பாத்தத் தெரியாத வீட்டுலயா பொண்ணெடுக்கோம்னு அவுக எந்திரிச்சுப் போயிட்டா?" பிரீத்திகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

காசிராஜன் பைக்கை உதைத்தார். பெரிய கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் குட்டித் தக்காளி கிடைத்தது. ஆனால் ஒரே ரகம்.

அதனாலென்ன? ஒரே சரக்குக்கு மூன்று லேபிள் அடித்துக் கொடுத்துப் பழகிய கை. மத்தியானத்துக்குள் அந்த நாற்றுகளின் பெயரில் பளபளவென்று மூன்று லேபிள்கள் வந்துவிட்டன: தேன்துளி, செம்மணி, கரிசல்குண்டு. தட்டுக்கு ஒன்றாக ஒட்டினார்.

"செடி மொட்டையா நிக்குதே, மாடிக்குப் போனா?" என்றாள் சுப்புலட்சுமி.

மிச்சமிருந்ததைக் காலண்டர் நூலால் செடியில் கட்டினார். தக்காளி சரவெடி மாதிரித் தொங்கியது.

"எந்த ஊருலப்பா தக்காளி நூல்ல காய்க்குது?" என்றாள் மகள்.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை வேட்டி மடிப்பில் சொருகவும் வாசலில் கார் நிற்கவும் சரியாக இருந்தது. தங்கப்பாண்டியனும் அவர் மனைவி தங்கத்தாயும் இறங்கினார்கள்.

"மாடிக்குப் போவமா அண்ணாச்சி?"

"சாவி பிரஸ்ல மாட்டிக்கிச்சு. முதல்ல ருசி பாருங்க."

"நீங்க தின்னுங்க, பெறவு நான்."

காசிராஜன் தேன்துளியை வாயில் போட்டு, வலிய ஒரு சிரிப்பை வரவழைத்தார். அவர் முகத்தையே பார்த்தபடி தங்கப்பாண்டியனும் ஒன்றைக் கடித்தார்.

"அடேயப்பா, தேனு!"

செம்மணி காசிராஜனுக்குப் பயத்தில் தொண்டையில் சிக்கியது. முகம் சுளித்தது.

"லேசாப் புளிப்பு. ரசத்துக்குத்தான் ஆகும்," என்றார் தங்கப்பாண்டியன்.

"ஆச்சு ஆச்சு," என்றது அடுப்படியிலிருந்து சுப்புலட்சுமியின் குரல்.

கரிசல்குண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் காசிராஜன் மென்றுகொண்டே இருந்தார்.

"தோலு கட்டி. எம்புட்டு வெயிலடிச்சாலும் வெடிக்காது. நம்ம மாடிக்கு இதான் ரகம். சரிதான அண்ணாச்சி?"

"அச்சடிச்ச மாதிரிச் சொல்லிட்டீக," என்றார் காசிராஜன். லேபிளின் மகிமையில் அவர் நாக்குக்கே இப்போது மூன்று ருசி தெரிய ஆரம்பித்திருந்தது.

"அப்ப அந்தச் செடிய இப்பவே எனக்குக் குடுங்க."

"சாவி..."

"பூட்டு என்ன பெரிய பூட்டு? ஒரு சுத்தியல் கொண்டாங்க!" தங்கப்பாண்டியன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். காசிராஜன் குறுக்கே பாய்ந்தார். பிரீத்திகா கதவோரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதுவரை மூன்று தட்டிலும் மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்த தங்கத்தாய், மூன்றையும் ஒரே தட்டில் கொட்டினாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. போன வருசம் காய்ச்சல் வந்து போனதுல இருந்து இவுக நாக்குக்கு உப்பும் தெரியாது, சீனியும் தெரியாது. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் மூணு ருசி சொன்னாக. நீங்க வச்ச மூணும் ஒரே தக்காளி. அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு, பொய்க்குப் பொய் நேராப் போச்சு அண்ணாச்சி. பாக்கி கல்யாணத் தேதி மட்டுந்தான்."