மூணா இருந்த எட்டு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். செகண்ட் ஹேண்டா வாங்கின பைக்கை என் பேருக்கு மாத்தணும்.

ரெண்டாயிரத்து நாலோ அஞ்சோ. அப்ப சிவகாசியில ஒரு பிரஸ்ல புரூஃப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், எது அச்சுக்குப் போனாலும் என் கண்ணைத் தாண்டித்தான் போகணும். 'தரைச் சக்கரம்'ங்கிறது 'தரைச் சர்க்கரை'ன்னு அச்சாக இருந்ததைக் கடைசி நிமிஷத்துல நிறுத்தினவன் நான். இந்தக் கதையை யாரும் கேக்காட்டியும் சொல்லுவேன். அதான் என் வியாதி.

வண்டி வாங்கினதுக்குக் காரணம் தாயில்பட்டியில இருக்குற என் சம்சாரத்தோட அண்ணன். நாங்க எப்பப் போய் இறங்கினாலும், "என்ன மாப்ளே, இன்னும் பஸ்ஸுதானா?"ம்பாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாரு. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

"வர்ற ஞாயித்துக்கிழமை நாம வண்டியில போறோம்"னு சம்சாரம் செல்விக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவளும் ஒரு நல்ல சேலையா எடுத்து வச்சுட்டா.

விருதுநகர்ல மெக்கானிக் கடை வச்சிருந்த பாண்டிகிட்ட வாங்கின வண்டி. வாங்கின கையோட புது டயரு, புது சீட் கவர், புது ஹாரன் எல்லாம் போட்டேன். மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு!

பேரு மாத்துறதுக்கு சேஸ் நம்பரை பென்சில்ல தேய்ச்சுக் கொண்டு போகணும். வண்டியில நம்பர் குத்தியிருக்குற எடத்துல ஒரு தாளை வச்சு பென்சிலால தேய்ச்சா, நம்பர் மட்டும் வெள்ளையா வரும். காலையில தேய்ச்சேன். வந்த நம்பர்ல மூணு எட்டு. அதுல நடு எட்டு மட்டும் கொஞ்சம் கோணல்.

'இம்புட்டுப் பெரிய கம்பெனி, ஒரு எட்டை ஒழுங்கா அடிக்கத் தெரியலையே'ன்னு திட்டிக்கிட்டே தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போற வழியில, ஆமத்தூர்கிட்ட போலீஸ் செக்கிங்.

எஸ்.ஐ. லைசென்ஸைப் பார்த்தாரு, ஆர்.சி. புக்கைப் பார்த்தாரு. "சரி, கெளம்புங்க"ன்னாரு.

கெளம்பியிருக்கலாம்! வண்டியை ஸ்டார்ட்கூட பண்ணிட்டேன்!

"என்ன வேலை பாக்குறீக?"ன்னு சும்மா கேட்டு வச்சாரு.

"புரூஃப் பாக்குறேன் சார்."

"அப்படின்னா?"

என் வாழ்க்கையில அதுவரைக்கும் யாருமே அப்படிக் கேட்டதில்ல. வண்டியை ஆஃப் பண்ணினேன். ஸ்டாண்டு போட்டேன். தரைச் சர்க்கரைக் கதையை முழுசாச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"அம்புட்டு கூர்மையா ஒங்க கண்ணு?"

அதோட விட்டிருக்கலாம். எனக்கு வாய் நமநமன்னுச்சு. பையில இருந்த தாளை எடுத்து விரிச்சேன்.

"இங்கன பாருங்க சார். மூணு எட்டு இருக்கா? ஓரத்துல இருக்குற ரெண்டும் ஒரே அச்சு. நடுவுல உள்ளது வேற. அதுல இடது பக்கத்தை மட்டும் பெறகு வெட்டிச் சேர்த்த மாதிரி இல்ல? மூணை எட்டாக்கினாப்புல!"

சொல்லிட்டு, பாராட்டுவாருன்னு நின்னேன்.

எஸ்.ஐ. சிரிப்பு நின்னு போச்சு. "மூணை எட்டாக்கினாப்புல…"ன்னு மெதுவாத் திருப்பிச் சொன்னாரு.

அப்பதான் நான் சொன்னது எனக்கே காதுல விழுந்துச்சு.

"சார், கம்பெனியிலயே தப்பா அடிச்சிருப்பாக…"

"சாவியைக் குடுங்க."

ஸ்டேஷன்ல வச்சு என்ஜின் நம்பரைப் பார்த்தாங்க. அங்கயும் அதே கோணல் எட்டு! எட்டை மூணாக்கித் தேடினா, சாத்தூர்ல காணாமப் போன வண்டி. என் கையில இருந்த புக்கு டூப்ளிகேட். பாண்டிக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆஃப்.

வண்டி போனாப் போகட்டும், திருடன்னு பேரு வந்தா செல்வி மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

ஏட்டய்யா நான் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதினாரு. "கையெழுத்துப் போடும்யா"ன்னு நீட்டினாரு. படிச்சேன். 'திருட்டு வண்டி என்று தெரிந்து வாங்கினேன்.'

இனிமே வாயைத் திறக்கக் கூடாதுன்னு அப்பதான் முடிவு பண்ணியிருந்தேன். திறந்துட்டேன்.

"ஐயா, 'தெரியாமல்'னு சொன்னேன். 'தெரிந்து'ன்னு இருக்கு."

"ஒரு வார்த்தைதானய்யா!"

"அந்த ஒரு வார்த்தையிலதான்யா நான் வீட்டுக்குப் போறதும் உள்ள போறதும் இருக்கு!"

எஸ்.ஐ. எட்டிப் பார்த்து, அதைத் திருத்தச் சொல்லிட்டு, "இப்பதான் ஒங்க வேலை என்னன்னு எனக்கு நல்லாப் புரியுது"ன்னாரு.

சாயங்காலம் வண்டிக்குச் சொந்தக்காரரு அடையாளம் காட்ட வந்தாரு. அச்சங்குளத்துல பட்டாசு கம்பெனியில வேலை பாக்குறவரு. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கண்ணுல தண்ணி.

"டயரு புதுசு! சீட்டு புதுசு! எங்கிட்ட இருந்தப்ப ஹாரனே அடிக்காதுண்ணே! இம்புட்டு நல்லா வச்சிருந்திருக்கீக, நீங்க நல்லா இருக்கணும்!"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "டயருக்குக் காத்து மட்டும் அப்பப்ப பாத்துக்கிடுங்க"ன்னேன்.

ரெண்டு நாள்ல பாண்டி மாட்டினான். கடையில நம்பர் குத்துற உளி ஒரு டப்பா நிறைய இருந்துச்சாம். அவ்வளவு இருந்தும் ஒரு எட்டை நேரா வெட்டத் தெரியல அவனுக்கு.

ஞாயித்துக்கிழமை செல்வி அந்த நல்ல சேலையைக் கட்டிக்கிட்டா. பஸ்லதான் போனோம், நின்னுக்கிட்டே.

மச்சான் வாசல்லயே காத்திருந்தாரு. எனக்குப் பின்னால எட்டி எட்டிப் பார்த்துட்டு, "வண்டி எங்க மாப்ளே?"ன்னாரு.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள செல்வி சொல்லிட்டா.

"அதுல ஒரு பிழை இருந்துச்சாம்ணே. இவுகளே அடிச்சு எடுத்துட்டாக."