சர்க்கரைக் குளத்தில் ஆவணி அவிட்டம்

பெஹாலா, கல்கத்தா
1912, ஆவணி மாதம்

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி லக்ஷ்மிநாராயணய்யர் அவர்கள் சமூகத்துக்கு, சுப்புலக்ஷ்மி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் க்ஷேமம், சொறிந்துகொள்ளும் நேரம் போக. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாடு கன்றுகளும் சொறியாமல் சுகமாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

குழந்தை ஜலஜாவுக்கு உடம்பெல்லாம் சிரங்கு என்று கேள்விப்பட்டதாகவும், அவளையும் தங்கள் பெண் விஜயலக்ஷ்மியையும் கும்பகோணத்துக்கு அழைத்துப்போக வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். வரவேண்டாம். பேத்தியை அனுப்புவதாக இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லாமல் காரணத்தை என் கைப்படவே எழுதுகிறேன்.

கார்டன் ரீச் பக்கம் கப்பலில் வந்து இறங்கும் பழுப்புச் சர்க்கரையை வெளுக்க இங்கே ஒரு ஆலை வைத்தார்கள். வெளுத்தது சர்க்கரை, கறுத்தது எங்கள் வீட்டு எதிர்க் குளம். ஆலைக் கழிவைக் கால்வாயில் விட்டார்கள், மழையில் கால்வாய் பொங்கிக் குளத்தில் விழுந்தது. முதலில் வெல்லப்பாகு வாசனை, வெயில் பட்டதும் சாட்சாத் கள்ளு வாசனை. என் மடிப் புடவையைக் கள்ளுக்கடையில் உலர்த்தினாற்போல் ஆயிற்று. அதில் குளித்துவிட்டு ஆபீஸ் போன என் பிள்ளை வாஞ்சிநாதனை அவன் ஆபீஸ் துரை முகர்ந்து பார்த்து, "காலையிலேயேவா?" என்றாராம், அவனுக்கு மானம் போயிற்று. அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு போஸ் பாபுவின் மனைவி, என்னைச் சித்தி முறை வைத்து, "மாஷிமா, எல்லோரும் போயிட்டாங்க!" என்று அலறினாள். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு ஓடினேன். பார்த்தால், அவர்கள் மாப்பிள்ளை விருந்துக்கு வளர்த்த மீன்களெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. மீனுக்குத் துக்கம் விசாரித்த ஐயர் வீட்டுப் பெண்பிள்ளை கல்கத்தாவில் நான் ஒருத்திதான். அதற்கப்புறம் ஈ வந்தது, சிரங்கு வந்தது. டாக்டர் களிம்பைக் கொடுத்து, ஜலம் மாற்றினால் தேவலை என்றார். அந்த ஒரு வார்த்தையை விஜயலக்ஷ்மி தங்களுக்கு எழுதிவிட்டாள். குழந்தை போய்விட்டால் எனக்குப் பேச்சுத் துணை வாஞ்சி ஒருவன்தான், அவன் வாயைத் திறப்பதே சாப்பிட.

ஆலையில் தலைமைக் கணக்கர் நம்மவர், தஞ்சாவூர் வெங்கடராமன். அவரிடம் போய் நின்றேன்.

"மாமி, அது சர்க்கரைத் தண்ணி, உடம்புக்குப் புஷ்டி. துரையே பரீட்சை பண்ணிட்டார்."

"குடிச்சுப் பார்த்தாரோ?"

"கண்ணாடிக் குப்பியில வெச்சுப் பார்த்தார், மாமி."

சரி என்று வந்துவிட்டேன். ஆவணி அவிட்டம் வந்தது. வழக்கமாக நம்மவர்கள் கங்கைக்குப் போய்த்தான் பூணூல் மாற்றிக்கொள்வார்கள். இந்த மழையில் அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் குளக்கரையிலேயே நடக்கட்டும், போளியும் வடையும் என் பொறுப்பு என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினேன். போளி என்றதும் அத்தனை பேருக்கும் கங்கை மறந்துபோயிற்று. வெங்கடராமன் மட்டும் குடையும் கையுமாகக் கரையில் தயங்கினார். புஷ்டி என்று ஊரெல்லாம் சொன்னவர் எப்படித் திரும்பிப் போவார்? மகாசங்கல்பம் முடிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். ஆசமனத்துக்கு உள்ளங்கையில் ஜலத்தை எடுத்தவர், அதை ஜன்ம சத்ருவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன ஓய் பார்க்கறீர்? உம்ம ஆலை சரக்குதானே, உறிஞ்சும்" என்றார் மந்திரம் சொல்லிவைத்த சந்தானம் சாஸ்திரிகள்.

உறிஞ்சினார். புதுப் பூணூல் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வேதாரம்பத்துக்கு உட்கார்ந்தார்களோ இல்லையோ, ஆரம்பித்தது அரிப்பு. சாஸ்திரிகள் ஒரு பதம் சொல்லி ஒரு தடவை சொறிய, சிஷ்யாள் அதையும் சேர்த்துத் திருப்பிச் செய்தார்கள். வாஞ்சி தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னை முறைத்தான். போளி பரிமாறியதும் முறைப்பை விட்டான். வெங்கடராமன் சாப்பிடக்கூட உட்காரவில்லை. நேரே ஆலைக்குப் போய், துரை கேட்காமலே சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினாராம். மறுவாரமே கூலியாட்கள் வந்து கால்வாயை வேறு பக்கம் வெட்டித் திருப்பிவிட்டார்கள். இன்னும் நாலு மழை பெய்தால் குளம் தெளிந்துவிடும் என்கிறார் போஸ் பாபு. குழந்தைக்கும் சிரங்கு காய்ந்துவருகிறது. அதனால்தான் சொல்கிறேன், தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம், பேத்தி என்னிடமே சௌக்கியமாக இருப்பாள்.

சம்பந்தியம்மாளுக்கு என் அன்பும், வீட்டில் சிறுசுகளுக்கு ஆசீர்வாதமும், தங்கள் முழங்கால் வலிக்கு என் அனுதாபமும்.

இப்படிக்கு,
சுப்புலக்ஷ்மி

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். கால்வாயை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கொல்லைப் பக்கமாம். இன்று காலை கிணற்றில் சேந்தினேன், வாளி நிறைய நுரை. விஜயலக்ஷ்மி பெட்டி கட்டுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டுகிறேன். வாஞ்சி இங்கேயே இருந்து ஆலைத் துரையோடு மல்லுக்கு நிற்கட்டும். தாங்கள் வரவேண்டாம் என்றதில் மாற்றமில்லை, நாங்கள் மூவருமே புறப்பட்டு வருகிறோம், ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பவும். கும்பகோணத்தில் யாராவது சர்க்கரை ஆலை வைக்கப்போவதாகக் காதில் விழுந்தால் உடனே தந்தி கொடுங்கள், வழியிலேயே எங்காவது இறங்கிக்கொள்கிறோம்.