முப்பது சேர்

வாடகைக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போய், அதில் ஈ காக்காய் கூட உட்காராமல், துடைத்து அடுக்கித் திருப்பிக் கொடுத்த ஒரே மனிதன் இந்த உலகத்திலேயே எங்கள் 'முப்பது சேர்'தான். இதை நான் எந்தச் சபையிலும் சொல்லத் தயார். திருவண்ணாமலையில் எனக்கு சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. பத்திரிகையில் எழுதுவதெல்லாம் வியாபாரம் டல்லான மாதங்களில்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று இந்த ஊர் கூடி உட்கார்ந்த இடத்திலெல்லாம் என் நாற்காலிதான் இருந்திருக்கிறது. திரும்பி வரும் சேரைப் பார்த்தே எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவேன். கல்யாணத்துக்குப் போனது பாயசம் ஒட்டிக்கொண்டு வரும். கட்சிக் கூட்டத்துக்குப் போனது கால் ஒடிந்து வரும். இவனிடம் போனது மட்டும் போன மாதிரியே வரும்.

பிரேசில் நாட்டுப் பையன். இருபத்தைந்து வயது இருக்கலாம். அந்த ஊர்ச் சபை ஒன்று ஊழியம் செய்துவிட்டு வா என்று அவனை இங்கே அனுப்பியிருந்தது. விசாவில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இட்லிக்கடை மல்லிகா வீட்டு மாடியில் குடியிருந்தான். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. என் குட்டியானை வண்டியை ஓட்டி, சேர் ஏற்றி இறக்கி, கூடவே எனக்கு இலவசமாக யோசனையும் சொல்லும் முனுசாமி அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டான். "பாய், முப்பது சேர் வந்துகிறாரு" என்றான் மறுவாரம். அதுவே நிலைத்துவிட்டது.

முதல் நாள் கடைக்கு வந்து நின்றது நன்றாக நினைவிருக்கிறது. தமிழை அவன் ஊரிலேயே, பழைய பைபிள் ஒன்றை வைத்துக்கொண்டு படித்திருக்கிறான். இரண்டு கையையும் கூப்பி, "உமக்குச் சமாதானம் உண்டாவதாக" என்றான்.

எனக்குப் பழக்க தோஷம். "வஅலைக்கும் ஸலாம்" என்றேன்.

"இதோ, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெபக்கூட்டம். எனக்கு முப்பது நாற்காலிகள் தேவையாயிருக்கிறது."

"எத்தினி பேருப்பா வராங்க?"

"அறியேன். ஆனாலும் வருகிறவர்கள் நிற்கலாகாது."

மல்லிகா வீட்டை ஒட்டிய காலி மனையில் ஞாயிற்றுக்கிழமை காலை முனுசாமி சேர்களை வரிசையாகப் போட்டுவிட்டு வந்தான். சாயங்காலம் எடுக்கப் போனவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். "பாய், ஒரு ஆளு வரல. அந்தப் புள்ள கிட்டார வாசிச்சு தானே பாடி, தானே பிரசங்கம் பண்ணி, தானே ஆமென் சொல்லிக்கினு இருந்துச்சாம். மல்லிகாக்கா சொல்லுது."

"நீ போய் உக்காந்திருக்கலாம்ல?"

"இன்னா பாய் பேசறீங்க? வாடகைக்கு வுட்ட சேர்ல நாம உக்காரலாமா?"

அவன் சொன்னது சரிதான். எங்கள் தொழிலில் அது பெரிய கட்டுப்பாடு. நாற்காலி கடையை விட்டுப் போனால் அது வாடிக்கையாளர் சொத்து. பந்தலில் நாங்கள் நிற்போம், ஓரமாகச் சாய்வோம், தரையில்கூடக் குந்துவோம். உட்கார மாட்டோம்.

அவனை யாராவது எதிர்த்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இங்கே எதிர்க்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. அவன் பேசப் பேச மல்லிகா இட்லித் தட்டை இறக்கியபடி "ஆமாம்ப்பா, நூத்துல ஒரு வார்த்த" என்பாள். "அப்படியானால் ஞாயிறு வருவீர்களா?" என்றால் "வராம?" என்பாள். ஞாயிறு பத்து மணிக்கு அவள் கறிக்கடை க்யூவில் நிற்பாள். ஊரே அங்கேதான் நிற்கும். அவனைத் தெருவில் பார்த்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஆசிரமத்துக்கு வழி தெரியாதவன் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று அவன் கதறக் கதற ஏற்றிக்கொண்டுபோய் ஆசிரம வாசலில் இறக்கிவிட்டார்கள்.

ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் நின்றுகொண்டு துண்டுப் பிரசுரம் கொடுத்தான். அன்றுதான் அவனுக்குக் கூட்டம் சேர்ந்தது. சேர்ந்த கூட்டமா அது! வரிசை வளைந்து வளைந்து போய், போலீஸ்காரர் வந்து கயிறு கட்டினார். அவன் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. பத்து நிமிஷம் கழித்து முன்னால் நின்ற அம்மா பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டோக்கன் குடுத்துட்டீங்க, சாப்பாடு எந்தப் பந்தல்ல சாமி?" என்று கேட்டாள். அன்னதானத்துக்கு டோக்கன் கொடுப்பதாக ஊர் முழுக்க நினைத்துவிட்டது. அன்றைய அன்னதானப் பந்தல்களில் பாதி என்னுடையவை. அந்தப் பிரசுரத்தை நீட்டிச் சாப்பாடு கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நானும் உதவத்தான் பார்த்தேன். "தம்பி, கட்சிக்காரங்களுக்கெல்லாம் ஆள் சேத்துத் தரேன். ஆளுக்கு ஒரு பிரியாணின்னா கீழ்பென்னாத்தூர்லேந்து வேன்ல வந்து எறங்குவாங்க. கைத்தட்டச் சொன்னா தட்டுவாங்க, அழச் சொன்னா அழுவாங்க" என்றேன்.

"அது பொய்ச்சாட்சி, பாய்."

"சரி, பத்து சேரா கம்மி பண்ணிக்கோ. காலியா கெடக்கறது கண்ணுக்கு ஜாஸ்தியாத் தெரியாது."

"வருகிறவர்கள் நிற்கலாகாது" என்று அதையே சொன்னான்.

ஞாயிறு சாயங்காலம் அவன் அம்மா போனில் வருவாள். அங்கே அப்போது காலை. சேர் எடுக்கப் போகும் சாக்கில் நானும் சில நாள் முனுசாமியோடு போய் மதிலோரம் நிற்பேன். குண்டான அம்மா, சமையலறையில் நின்றபடி சிரிப்பாள். முதல் கேள்வி எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான். போர்த்துகீசிய மொழி எனக்கு வராது, ஆனால் அந்தக் கேள்வி எந்த மொழியிலும் புரியும். ஒருவரும் வரவில்லை என்று அவன் உண்மையைச் சொல்வான். சேர்கள் தெரியாதபடி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். அம்மா ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பரவாயில்லை, அடுத்த வாரம் வருவார்கள் என்கிறார்கள்" என்றான். சொல்லிவிட்டுக் காலி சேர் ஒன்றின் முதுகைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் முனுசாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சாவு வீடு ஒன்றுக்குச் சேர் இறக்க ஆளில்லை. முப்பது சேர் தானாக வந்து வண்டியில் ஏறினான். "சாவு வூட்ல வாயத் தொறக்கக் கூடாது, பிரசங்கம் கிரசங்கம் மூச்சு வுடக் கூடாது" என்று நான் கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். அவனும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் துக்கம் கேட்கப் போனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேரை இறக்கிவிட்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தவன், உடம்பை எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சுடுகாட்டுக்கும் நடந்து போனான். திரும்பி வந்து சேரையெல்லாம் கழுவினான்.

அதோடு விடவில்லை. அதற்கப்புறம் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சேரோடு சேராக அவனும் போய்விடுவான். "சொந்தக்காரனே பாதில நழுவிட்றான், இந்தப் புள்ள நகர மாட்டேங்குதே" என்று ஆச்சரியப்பட்டார்கள். பேசத் தெரியாமல் அழும் கிழவர்களுக்குப் பக்கத்தில் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான். கடைசியில் எப்படி ஆனது என்றால், உடம்பை எடுக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் "முப்பது சேர் வந்துட்டாரா?" என்று கேட்ட பிறகுதான் தூக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சேர்கள் வழக்கம்போல வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை அவன் சேர் சொல்ல வரவில்லை. வந்த நாள் முதல் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. மனசு கேட்காமல், மறுநாள் காலையில் முனுசாமியோடு போனேன். வாசலிலேயே மல்லிகா நின்றாள். "ரெண்டு மூணு நாளா கீழ எறங்கல பாய். இட்லி வெச்சா வெச்ச மாதிரியே கெடக்குது. கேட்டா தலைய மட்டும் ஆட்டுது."

மாடியில் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வியாழக்கிழமை என் தாயார் நித்திரையடைந்தார்கள், பாய்."

இங்கிருந்து அவன் ஊர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். அங்கே மறுநாளே அடக்கம் செய்துவிடுவார்களாம். தங்கை போனைத் தூக்கிப் பிடிக்க, அம்மாவை மண்ணில் இறக்குவதை இந்த அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

"ஏம்ப்பா, எங்க கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன். கோபமாகத்தான் வந்தது.

"யாரிடத்தில் சொல்வேன், பாய்? என்னிடத்தில் ஒருவரும் வருவதில்லையே."

முனுசாமி படியிறங்கினான். பின்னாலேயே போய் எங்கேடா போறே என்றேன். "பந்தல் போட்டாத்தான் பாய் சாவு வூடுன்னு ஊருக்குத் தெரியும்" என்று வண்டியைக் கிளப்பினான்.

காலி மனையில் சாமியானா ஏறியது. முப்பது சேரும் வந்தது. அவன் போனிலிருந்த அம்மா படத்தை ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு, மல்லிகா மாலை சார்த்தி விளக்கு வைத்தாள். கறிக்கடை க்யூவில் செய்தி போன வேகத்தை நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்க அப்பா சாவுக்கு வந்தவராச்சே, எங்க மாமியாரத் தூக்கறப்ப கடைசி வரைக்கும் இருந்தவராச்சே என்று சொல்லிச் சொல்லி உட்கார்ந்தார்கள். ஆசிரம வாசலில் அவனை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர்கள்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார்கள்.

"தூக்கத்துலயே போய்ட்டாங்களாமே? புண்ணியவதிதான்" என்றார் ஒரு பெரியவர். பைபிள் தமிழ் படித்ததில்லை அவர். நான் திருத்தப் போகவில்லை.

பத்து மணிக்கு முப்பது சேரை மல்லிகா கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். படிக்கட்டிலேயே நின்றுவிட்டான். சேர்களைப் பார்த்தான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசி வரிசை. சட்டென்று பையிலிருந்து போனை எடுத்து, அத்தனை நாளும் சுவர்ப் பக்கம் திருப்பியதை அன்று கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தான். பிடித்த பிறகுதான் யாருக்குக் காட்டுவது என்று தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

கடைசி வரிசை ஓரத்தில் ஒரு சேர் மட்டும் காலியாக இருந்தது. அவன் பார்வை அங்கேயே நின்றது. நான் போய் உட்கார்ந்தேன்.

"பாய், நீர் உட்காருவதில்லையே" என்றான்.

"இன்னிக்கு நான் சேர் வுடறவன் இல்லப்பா. துக்கத்துக்கு வந்தவன்."

முனுசாமி அவன் முழங்கையை இடித்தான். "சார், ஃபுல்லு சார். எதனா பேசுங்க சார்." இத்தனை மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கம் அவனிடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ" என்றான். அதற்குமேல் வரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான். முப்பது பேரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு கறிக்கடையில் க்யூ ரோடு வரைக்கும் நின்றது. சேர் முப்பதும் காலி. அவன் கிட்டார் வாசித்தான். முனுசாமி சாயங்காலம் போய் எடுத்து வந்தான். நாங்கள் அப்படிப்பட்டவர்கள்தான். இரண்டு மாதம் கழித்து அவனுடைய சபை அவனை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டது. பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர். பெயர் என் வாயில் நுழையவில்லை.

அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறான். கடை கட்டுவதற்கு முன்னால் நான் போன் போட்டுவிடுவேன். முனுசாமியும் பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொள்வான்.

"எத்தினி பேருப்பா வந்தாங்க?"

"ஒருவரும் இல்லை, பாய்."

"பரவால்லப்பா. அடுத்த வாரம் வருவாங்க."