கேப்டனின் வலது சீட்

“கியர் அப்!” என்று சொல்லிவிட்டுக் கேப்டன் காத்திருந்தாள். எதுவும் மேலே போகவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த துணிக்கடைக்காரர்தான் பயந்துபோய்த் தன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷம் பெரிய விமானம் ஓட்டியவள். சொன்னதைச் செய்ய வலப்பக்கம் எப்போதும் ஒரு துணை பைலட் இருப்பார். வேலை பார்த்த கம்பெனி மூடியதும் கிடைத்தது இந்த நாலு சீட் விமானம். ‘கியர் அப்’ என்றால் சக்கரத்தை உள்ளே மடக்கு என்று அர்த்தம்; இதில் மடக்கவே முடியாது. வலது சீட்டில் பயணிதான் உட்காருவார். வாய் கேட்டால்தானே?

இறங்கும்போது இன்னொரு கூத்து. பெரிய விமானத்தில் பைலட் உட்காருவது இரண்டு மாடி உயரத்தில். அந்த ஞாபகத்தில் இங்கேயும் இரண்டு மாடிக்கு மேலேயே விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டாள். விமானம் தொப்பென்று விழுந்தது.

“பைலட் ஆவியோடு பேசுகிறார்” என்று கருத்துத் தாளில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார் துணிக்கடைக்காரர்.

மறுநாள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள். அன்று வந்த டீச்சர் எழுதினார்: “பைலட் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ கோளாறு என்று வழியெல்லாம் அழுதேன்.” தொப்பென்று விழுவதும் குறையவில்லை.

மேனேஜர் இரண்டு தாளையும் மேஜையில் விரித்தார். “பேசினாலும் கம்ப்ளெயின்ட், பேசலைன்னாலும் கம்ப்ளெயின்ட். என்னதான் மேடம் பண்றீங்க?”

“ஆம்பளை பேசாம ஓட்டியிருந்தா கம்பீரம்னு எழுதியிருப்பாங்க சார்.”

“மூணாவது ஒண்ணு வந்துச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது. அவ்வளவுதான்.”

ஐம்பத்தோரு வயதில் வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை. பறக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாம் நாள் ஒரே ஒரு பயணி. எழுபது வயது, மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி. இறக்கை மேல் ஏறும் படி உயரம் என்பதால் கேப்டனே கைகொடுத்து ஏற்றினாள்.

இந்தத் தடவை முந்திக்கொண்டாள். “ஐயா, நான் ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லுவேன், பழக்கம். பயப்படாதீங்க. பதில் சொல்லிட்டு வந்தாப் போதும்.”

“சொல்லிட்டாப் போச்சு!”

“வலது பக்கம் கிளியரா?”

“கிளியர்!”

“கியர் அப்!”

“தூக்கியாச்சு!”

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. பெரியவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. ரேடியோவில் யார் கூப்பிட்டாலும் அவளுக்கு முன்னால் “சொல்லுப்பா” என்றார்.

“ஏம்மா, பெட்ரோல் பாத்தியா?”

“பாத்தேன் ஐயா.”

“எனக்காக இன்னொரு தடவை பாரு.”

வேண்டாவெறுப்பாகப் பார்த்தாள். ஒரு இறக்கை டாங்க்கிலிருந்து மறு இறக்கை டாங்க்குக்கு மாற்றவேண்டிய நேரம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சத்தமில்லாமல் மாற்றினாள்.

ஓடுபாதை நெருங்கியது. இரண்டு மாடி உயரத்தில் “தரை வந்தாச்சு!” என்றபடி அவள் கை தானாக மூக்கைத் தூக்கப் போனது.

“ஏம்மா அவசரப்படறே? தரை இன்னும் வரலையே.”

கை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

கீழே பெரியவரின் மகள் காத்திருந்தாள். கேப்டன் கருத்துத் தாளை நீட்டினாள். மகளே அதை வாங்கிக்கொண்டாள். “சொல்லுங்கப்பா, நான் எழுதறேன்.”

“தங்கமான பொண்ணுன்னு எழுது. ரெண்டு வருஷமா நீங்க எல்லாரும் ‘சும்மா உக்காருங்க, சும்மா உக்காருங்க’ன்னே சொல்றீங்க. இந்தம்மாதான் என்னை நம்பி ஒரு வேலை குடுத்தாங்க.”

கேப்டனின் வேலை தப்பித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“என்ன வேலைப்பா?” என்றாள் மகள்.

“வலது பக்கம் ஏதாவது வருதான்னு பாத்துச் சொல்ற வேலை. தரை வந்துடுச்சான்னு பாத்ததும் நான்தான்.”

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேப்டனைப் பார்த்தாள். “மேடம், அப்பாவுக்கு ரெண்டு வருஷமா ரெண்டு கண்ணும் தெரியாது, நாளைக்குத்தான் ஆபரேஷன்!”