தேநீர்க் குடுவைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு படிகம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய நூரி மச்சான் அவர்களுக்கு,

ஸ்ஃபாக்ஸிலிருந்து உங்கள் மைத்துனன், எட்டுப் பேர் சேர்ந்தால் கிளம்பும் லுவாஜ் வண்டி ஓட்டும் லஸாத் எழுதிக்கொள்வது. உங்கள் மேல் இறைவனின் சாந்தி இறங்கட்டும். உங்கள் கோபத்தின் மேல் இரண்டு மடங்கு இறங்கட்டும். இங்கே ஸுவாத் அக்கா நலம், கோழிகள் நலம், நான் நலமில்லை. நீங்கள் துனிஸில் மூத்த மகள் வீட்டில் தொலைபேசியை அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேனாவைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை துனிஸ் ஆய்வுக்கூட வாசலில் நான் உங்கள் பெயரைச் சொல்லி உள்ளே போனேன். தகப்பன் என்றால் விடலாம், மாமனை எல்லாம் விட முடியாது என்று காவல்காரன் முறைத்தான். பதிவேட்டில் ‘நூரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சந்தேகம் வரக்கூடாதே என்று வயிற்றையும் ஒரு சாண் முன்னால் தள்ளிக்கொண்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எதற்கும் கேட்க மாட்டேன். ஏனென்றால் நீங்கள் அக்காவிடம், “உன் தம்பி வெயில்ல வச்சு என் பொண்ணு படிப்பையே வேக வச்சுட்டான்” என்று சொன்னீர்களாம். அதைக் கேட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டு சாப்பிடுகிறேன், ஆனால் இறங்கவில்லை.

நடந்தது என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு மாதம் உங்கள் இளைய மகள் நெஸ்ரீன் ஒரு சின்னப் புட்டிக்குள் மஞ்சள் ஊசி ஊசியாகப் படிகம் வளர்த்தாள். அதன் ஒளியை அளக்கிற கருவி துனிஸில்தான் இருக்கிறது. செவ்வாய் விட்டால் அடுத்த முறை மூன்று மாதம் கழித்து. ஆய்வேட்டை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அவளுக்கோ அன்று தேர்வுக் கண்காணிப்பு. அதனால் என்னிடம் கொடுத்து, “மாமா, குலுக்காதீங்க, சூடு மட்டும் பட விடாதீங்க. உள்ள இருக்கறது எல்லாம் ஒரே சரக்குதான், ஆனா உக்காந்திருக்கற வரிசை மாறுச்சுன்னா குணமே மாறிடும்” என்றாள். வெளிச்சம் பட்டதும் ஒரு மூலக்கூறு உசுப்பேறிவிடுமாம். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் வாங்கிய வெளிச்சத்தைத் திருப்பி வீசிவிட்டு அடங்கிவிடுமாம். முகத்தோடு முகம் ஒட்டி அடுக்கியிருந்தால் அந்த உசுப்பலை அடுத்தவன் தலையில் கட்டிவிடுமாம். கொஞ்சம் நகர்ந்து, சரியான கோணத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு உசுப்பல் இரண்டாகவே பிளந்துவிடுமாம். சூரியத் தகடு செய்கிறவர்கள் அதற்காகத் தவம் கிடக்கிறார்களாம். அவளுக்கு இன்னும் அது கிடைக்கவில்லையாம். இருபத்திரண்டு வருடமாக எட்டு இருக்கையில் எட்டுப் பேரை அடுக்குகிறவனுக்கு இதைச் சொல்லித் தருகிறாளே என்று சிரித்துக்கொண்டேன்.

சரி, அன்று உங்களை எங்கே உட்கார வைத்தேன்? பின்வரிசை, ஜன்னலோரம். பக்கத்து நிலத்து ஷெட்லியை எங்கே? முன்னால், என் பக்கத்தில். எல்லைக்கல்லில் முளைத்த ஒற்றை ஆலிவ் மரத்துக்காக நீங்கள் இருவரும் பதினொரு வருடமாக முறைத்துக்கொள்கிறீர்கள் என்று தெரிந்துதானே நடுவில் ஒரு முழு வரிசையை வைத்தேன்? புட்டியை ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் வைத்தேனா இல்லையா? எட்டாவது ஆள் வருகிற வரை இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தோம், அது அங்கேயே குளுகுளுவென்று இருந்தது. கிளம்புகிற நேரத்தில், பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று சொல்லி நடுவரிசைக்கு இறங்கி வந்தது யார்? “என் பொண்ணு பொருள் என் மடியிலதான் இருக்கும்” என்று ஈரத்துணியை வெளியே எறிந்தது யார்? மடியில் சும்மா வைத்தீர்களா? புதினாத் தேநீர்க் குடுவை ஒன்று கொண்டுவந்தீர்களே, மூடி போட்டாலும் அடுப்பு மாதிரி கொதிக்குமே, அதற்கும் உங்கள் தொடைக்கும் நடுவே புட்டியைச் சொருகிக்கொண்டு, ஷெட்லியின் பிடரிக்கு நேராக, கொஞ்சம் சாய்ந்து, அந்த மரத்தின் வயதைப் பற்றி ஆரம்பித்தீர்கள். எல் ஜெம் ஊரைத் தாண்டுவதற்குள் நீங்கள் சிவந்துவிட்டீர்கள். ஸூஸ் வருவதற்குள் சண்டை இரண்டாகிவிட்டது: பின்வரிசையில் அதுவரை ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு பெண்கள் மாமியார் வீட்டு நிலத்தைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் வானொலியை உரக்க வைத்தேன். அதுவும் ஆலிவ் விளைச்சலைப் பற்றியே பேசியது.

துனிஸில் நீங்கள் புட்டியை என் கையில் திணித்தபோது உள்ளே மஞ்சளும் இல்லை, ஊசியும் இல்லை. மிளகாய் விழுது நிறத்தில், மீன் செதிள் மாதிரி ஏதோ கிடந்தது. “இதுதான் அவ குடுத்தது” என்று சொல்லிவிட்டு வாடகை வண்டி ஏறிப் போய்விட்டீர்கள். நான்தான் உள்ளே போனேன், உங்கள் பெயரோடும் உங்கள் வயிற்றோடும். கருவியைப் பார்த்துக்கொள்கிற ஒல்ஃபா அம்மையார் அளந்து பார்த்துவிட்டு, “இது அவ அனுப்பின பொருளே இல்ல, ஒளி செத்துப்போச்சு” என்று அங்கிருந்தே நெஸ்ரீனைக் கூப்பிட்டார். அவள் அழவில்லை மச்சான். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். “மாமா, யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், அது மட்டும் உண்மையாத் தெரியணும்” என்றாள். உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான், “தெரியலம்மா” என்றேன். அந்தத் ‘தெரியல’ இன்னும் என் தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது. நீங்களோ நான் வெயிலில் வேகவைத்ததாகக் குடும்பம் முழுக்கப் பரப்பிவிட்டீர்கள்.

ஆகவே இதுதான் என் கடைசிச் சொல். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் தொலைபேசியை உயிர்ப்பித்து, பெற்ற மகளிடம், “நான்தான்மா, தேநீர்க் குடுவைதான்மா, மூன்றரை மணி நேரம்மா” என்று சொல்கிறீர்கள். சொல்லாவிட்டால் இனி என் வண்டியில் உங்களுக்கு இடம் கிடையாது. ஏழு பேரோடு கிளம்பினாலும் கிளம்புவேன். சொன்னீர்களானால், உங்கள் முழங்கால் வலி தீரட்டும், அந்த ஒற்றை மரம் பத்து மரத்துக்குக் காய்க்கட்டும், ஷெட்லியின் பக்கம் ஒரு கிளையும் சாயாமல் இருக்கட்டும். அக்கா ஸலாம் சொல்லச் சொன்னாள். சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மிகுந்த கோபத்தோடும் குறையாத மரியாதையோடும்,
லஸாத்

பின்குறிப்பு: உள்ளே எழுதிய எதுவும் நடக்கவில்லை. சற்று முன் நெஸ்ரீன் ஓடி வந்தாள். ஒல்ஃபா அம்மையார் எடுத்த அளவுகளை மறுபடி பார்த்தார்களாம். ஒளி சாகவில்லையாம், ஒவ்வொரு உசுப்பலும் இரண்டாகப் பிளந்துபோனதால்தான் மங்கித் தெரிந்ததாம். எட்டு மாதமாக அவள் தேடிய அடுக்கு அதுதானாம், அவளுடைய பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். சூடு காட்டுகிற இந்த யோசனை யாருடையது மாமா என்று கேட்டாள். என்னுடையது என்று வாயில் வந்துவிட்டது. வண்டியின் முன்பலகையில், வெயிலில், கணக்குப் பார்த்து வைத்தேன் என்று சொன்னேன், எழுதிக்கொண்டாள். ஆகவே நீங்கள் பின்வரிசையில் தூங்கினீர்கள். குடுவை எதுவும் இல்லை. தொலைபேசியை அணைத்தே வையுங்கள். இந்தக் குடுவைச் சங்கதி நம் இருவருக்குள் இருக்கட்டும், முன்னிருக்கை ஆயுளுக்கும் உங்களுக்குத்தான். இதெல்லாம் நடப்பதற்குள் கடிதத்தை உள்ளே வைத்து உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதை உறையின் முதுகில் எழுதியிருக்கிறேன். நெஸ்ரீன் நாளை அங்கே வருகிறாள், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.