என் ஆராய்ச்சியின் குறுக்கே வந்த ஸ்கூட்டர்

நாகர்கோவிலில் ஒரு சந்திப்பைக் கடக்கப் பொறியியல் தேவையில்லை. நல்ல தொண்டை போதும். இது தெரிந்தும் போக்குவரத்துப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தேன். (அன்று என்மேல் எனக்கு இருந்த மதிப்பு அப்படி.)

மயிரிழையில் தப்பிய மோதல்கள்தான் என் ஆய்வு. இரண்டு வண்டிகள் முட்டப்போய், ஒன்று பிரேக் பிடித்துத் தப்பினால் அது கணக்கில் சேரும். அவற்றை வைத்து மாடல் போட்டால், யாரும் சாவதற்கு முன்பே ஆபத்து எங்கே என்று சொல்லிவிடலாம்.

ஒரு துணிக்கடை மொட்டைமாடியில் கேமராவை நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் சாய்ந்து தூங்கினேன். (களப்பணி.) பிறகு வீடியோவை மென்பொருளில் போட்டேன். அது வண்டிகளை வெறும் கட்டங்களாகக் காட்டியது. ஹாரன் தாங்காமல் ஒலியையும் அணைத்துவிட்டேன். முடிவைப் பார்த்து எனக்கே நடுங்கியது. கிழக்கிலிருந்து வலப்பக்கம் திரும்பும் வண்டிகளால் ஊரே அழியப்போகிறது! அந்தத் திருப்பத்தையே மூடிவிடச் சொல்லி எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார்.

"அந்தக் காட்சிகளைப் போடும்மா. சத்தத்தோட."

முதல் காட்சியில் ஒரு பச்சை ஸ்கூட்டர் கிழக்கிலிருந்து வலப்பக்கம் திரும்பிக் குறுக்கே வர, பஸ் கிறீச்சிட்டு நின்றது. அடுத்ததில் அதே ஸ்கூட்டர், ஓர் ஆட்டோ. அதற்கடுத்ததில் அதே ஸ்கூட்டர், மீன் வண்டி. ஓட்டியவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை; அண்ணாந்து மொட்டைமாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கூட்டரில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

"யாரும்மா இவரு?"

"தெரியாது சார்."

அடுத்த காட்சியில் ஸ்கூட்டர் நடுச் சந்திப்பிலேயே நின்றது. கைகளை வாயருகே குவித்து அவர் கத்தினார்: "ஏட்டி ஜெஸி! வெயில்ல நிக்காத மக்கா! தொப்பி போட்டியா? அப்பா மோர் கொண்டாந்திருக்கேன்!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

"திருப்பத்தை மூட வேண்டாம்மா. அப்பாவை வீட்டுல வெச்சா போதும்."

ஆய்வை வேறொரு சந்திப்பில் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் குதித்தேன்: "ரோட்டப் பாத்து ஓட்ட மாட்டீங்களாப்பா?"

அப்பாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எனக்க பிள்ள வெயில்ல கெடக்கும்போ நான் ரோட்டையா பாக்க?"

இப்போது சாலைப் பாதுகாப்புதான் என் பிழைப்பு. எந்த ஊரில் கேமரா வைத்தாலும் முதலில் வீட்டுக்குப் போன் போடுவேன்.

"அப்பா எங்கம்மா?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வாள்: "ஸ்கூட்டர் சாவி எனக்க இடுப்புல கெடக்கு. நீ தைரியமா படம் பிடி மக்கா."