படகோட்டி மேட்டுத்தெரு ஏறிய காதை

“அப்பா, இந்தக் காருக்கு நங்கூரம் எங்க இருக்கு?”

ஆறு வயது மகள் பின்னிருக்கையிலிருந்து தொடுத்த இக்கேள்வியை இருமிச் சமாளித்த மாவீரனே, வாழி! முப்பதாண்டுகள் அலைமுதுகில் அமர்ந்தவனே, சூறைக்காற்றின் பிடரியைப் பற்றி உலுக்கியவனே, நாற்பத்தொன்பதாம் வயதில் கிளட்ச் மிதிக்கத் துணிந்த எங்கள் படகோட்டியே, வாழி! உன் புகழ் பாடப் புகும் எனக்கு, எளியோர் செய்யும் சிறு நன்மையையும் மறவாத இறைவன் துணைநிற்பானாக.

போரின் காரணம் கேளுங்கள். படகோட்டியின் மனைவிக்கு வியாழன்தோறும் நகரத்து மருத்துவமனையில் சிகிச்சை. சாலை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ஒதுங்கிக் கிடந்த அச்சிற்றூருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தும் நின்றுபோயிற்று. படகில் அழைத்துப் போனாலோ, சிகிச்சையில் களைத்த உடம்பு திரும்பும் வழியெல்லாம் குமட்டித் துவண்டது. ஆகவே அவன் பழைய கார் ஒன்றைக் கொண்டான். லைசென்ஸ் அருளும் அதிகாரியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அவ்வூரில் எழுந்தருள்வார். அவர்முன் தோற்றால் இன்னும் பதின்மூன்று வியாழன்களுக்கு அவள் அலையில்தான் ஆட வேண்டும்.

ஆசானாக வாய்த்தவன் மனைவியின் தம்பி; சலூன் நடத்துபவன்; கையில் ஒன்றும் நாக்கில் ஒன்றுமாக இரு கத்தரிக்கோல்கள் உடையவன்.

படகுக்குப் பிரேக் இல்லை என்பதைக் கற்றறிந்தோர் அறிவர். கரை நெருங்குமுன் இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்து வந்து ஒதுங்குவதே அதன் அறம். அந்த அறத்தை நம் வீரன் தரையிலும் கைவிட்டானில்லை. தெருமுனை கண்ணில் பட்டதும் சாவியைத் திருகுவான். கைகளை மடியில் வைப்பான். கார் தானே சென்று ஒதுங்குமென்று தவமுனிவன்போல் காத்திருப்பான். அவ்வாறு ஒருமுறை தபால் பெட்டியிலும், இருமுறை தன் ஆசானின் சலூன் பலகையிலும் அது ஒதுங்கியது.

“மச்சான், இது தண்ணி இல்ல, தார் ரோடு!” என்று முழங்கினான் மைத்துனன். “இன்ஜின அணைக்காதீங்க, பிரேக்க மிதிங்க! எங்க அக்கா உங்கள நம்பி எப்படித்தான் குடும்பம் நடத்துதோ!”

“கத்தாதடா. கை தானா சாவிக்குப் போயிடுது.”

இனிப் பகைவனைப் பாடுவேன். படகுத்துறையில் வால் நனைத்து, மருந்துக்கடை வாசலில் தலை நிமிர்த்தி, கல் பாவிய செதிள்களோடு படுத்திருந்தது மேட்டுத்தெரு என்னும் கொடும்பாம்பு. அதன் நடுமுதுகில் காரை நிறுத்தி, ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் மீண்டும் எடுக்க வேண்டும். அதுவே அதிகாரியின் தேர்வு.

தேர்வுக்கு முந்தைய நாள், வீரன் நடுமுதுகை எட்டினான், நிறுத்தினான், பழக்கம் என்னும் பழம்பகை அவன் கையைச் சாவிக்கு இழுத்தது, இன்ஜின் அடங்கியது, காலும் பிரேக்கை விட்டு ஓய்வு கொண்டது, உடனே, புறமுதுகிட்ட யானைபோல் கார் கடலை நோக்கிப் பின்னோக்கி உருளத் தொடங்க, ஆசான் இரு கைகளாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டான், ஆதலால் ஹேண்ட் பிரேக்கை இழுக்க அவனிடம் கை மிச்சமில்லை.

அவ்வேளை அம்மேட்டில் தள்ளுவண்டியில் துணி மூட்டைகளோடு நின்றிருந்தாள் ஒரு சலவைக்காரி. வண்டி உருளாதிருக்கச் சக்கரத்தின்கீழ் அவள் வைத்திருந்தது தேங்காய் அளவுக் கல் ஒன்று. அதை உருவிக் காரின் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். கல் இரண்டாகப் பிளந்தது, கார் நின்றது. தன் வண்டிக்கோ அவள் முதுகையே முட்டுக் கொடுத்து, கால்களை ஊன்றி நின்றாள்.

“பதறாம எடுங்கண்ணே. நான் நிக்கிறேன்ல.”

மும்முறை இன்ஜின் அணைந்தது. மும்முறையும் அவள் அசையவில்லை. நான்காம் முறை கார் மேலேறியது. பின்னோக்கும் கண்ணாடியில் வீரன் கண்டான்: பிளந்த கல்லின் ஒரு பாதியைக் காலால் தள்ளித் தன் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அதிகாரி அருகமர்ந்து ஆணையிட்டார்: “நிறுத்துங்க. இப்ப எடுங்க.”

விரல்கள் சாவியைத் தேடித் துடித்தன. வண்டிக்கு முட்டுக் கொடுத்த சலவைக்காரியின் முதுகு நினைவுக்கு வந்தது. துடித்த விரல்களை ஸ்டியரிங்கிலேயே இறுக்கினான். கிளட்சைக் கருவுற்ற பெண்ணைக் கரையிறக்குவதுபோல் மெல்ல விட்டான். கார் நடுங்கியது, கனைத்தது, ஒரு விரற்கடையும் பின்வாங்காது முன்னே பாய்ந்தது!

“ஊரே கேளுங்க!” என்று மருந்துக்கடை வாசலில் பறைசாற்றினான் மைத்துனன். “எங்க மச்சான் பாஸாயிட்டாரு! இனிமே என் கடைப் பலகைக்குப் பயமில்ல!”

வெற்றிவீரன் ஊர்வலம் போகவில்லை. புதன்கிழமை உச்சிப்பொழுதில், தெரு வெறிச்சோடிக் கிடக்க, அவன் கார் மேட்டில் ஏறிவந்து நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்; இழுத்ததை மறுபடியும் இழுத்துப் பார்த்தான். ஓரத்தில் தள்ளுவண்டி, அதன் சக்கரத்தின்கீழ், நழுவப் பார்க்கும் அரைக்கல். சலவைக்காரி துணி கொடுக்க ஏதோ ஒரு வீட்டுக்குள் போயிருந்தாள். புயலிலும் படகை நிறுத்திய, கயிறு கோக்கத் துளையிட்ட தன் நங்கூரக் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான் வீரன், மண்டியிட்டான், அரைக்கல்லை விலக்கி அதை அங்கே வைத்தான், வண்டியை ஒருமுறை அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. முரசு முழங்கவில்லை. வானம் பூமாரி பொழியவில்லை, வெயில்தான் காய்ந்தது.

மறுநாள் வியாழக்கிழமை என்பதால், பெட்ரோல் போடப் போனான்.